வணிக நிறுவனங்களின் மேகக் கணிமைப் பெயர்வு: திட்டமிடலும் மேலாண்மையும்

ஆய்வுச் சுருக்கம்

சொந்தச் சேவையகங்களில் இயங்கிவரும் வணிகப் பயன்பாடுகளையும் தரவுகளையும் மேகக் கணிமைக்கு மாற்றும் போக்கு, பெரு நிறுவனங்களோடு நில்லாமல் இன்று சிறு, நடுத்தர வணிகர்களையும் எட்டியிருக்கிறது. இம்மாற்றத்தை வெறும் தொழில்நுட்பச் செயலாகக் கருதுவதே பல இடர்ப்பாடுகளுக்கு வித்தாகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் ஏழாண்டுகளில் நிகழ்த்திய பெயர்வும், பிரித்தானியாவின் டிஎஸ்பி வங்கி ஒரே வார இறுதியில் நிகழ்த்திய பெயர்வும் இங்கு ஒப்பிடப்படுகின்றன. அவற்றின் வழியே திட்டமிடலின் கூறுகள் ஆராயப்படுகின்றன. தமிழில் பதிவான வணிகத் தரவுகளைப் பெயர்க்கும்போது எழும் குறியாக்கச் சிக்கல்கள் தனியே விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மேகக் கணிமை, தரவுப் பெயர்வு, மாறுநாள், பின்வாங்கல் திட்டம், ஒருங்குறி, வெளியேறும் உரிமை.

முன்னுரை

கிளவுட் கம்ப்யூட்டிங் என்பதைத் தமிழகத்தில் மேகக் கணிமை என்றும் இலங்கையில் முகில் கணிமை என்றும் வழங்குவர். வணிகர்கள் நாவில் அது வெறும் ‘கிளவுட்’. பெயர் எதுவாயினும், மேகம் என்ற உருவகம் ஒரு மயக்கத்தை ஏற்படுத்திவிடுகிறது. தரவு எங்கோ வானில், இடமின்றி மிதப்பது போன்ற எண்ணத்தை அது தருகிறது. உண்மையில் அத்தரவு, மின்சாரமும் குளிரூட்டியும் காவலும் உள்ள ஒரு கட்டடத்தில், ஒரு குறிப்பிட்ட ஊரில், ஒரு குறிப்பிட்ட நாட்டின் சட்டத்திற்கு உட்பட்டே இருக்கிறது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீக்கிரையானபோது, வேறிடத்தில் படி வைத்திராத வாடிக்கையாளர்கள் தம் தரவை நிரந்தரமாக இழந்தனர். மேகமும் எரியும் என்பதைப் பலர் அன்றுதான் உணர்ந்தனர்.

அமெரிக்கத் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2011 செப்டம்பரில் வெளியிட்ட வரையறை, இத்துறையில் இன்றளவும் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. வேண்டும்போது தானே எடுத்துக்கொள்ளும் வசதி, பரந்த வலையமைப்பு அணுக்கம், பலருக்கும் பொதுவான வளத்தொகுப்பு, விரைந்து விரியும் சுருங்கும் தன்மை, அளந்து கட்டணம் கொள்ளும் சேவை என ஐந்து இயல்புகளை அது குறிப்பிடுகிறது. வணிக நோக்கில் இவற்றுள் கடைசி இயல்பே தலையாயது என்பது கட்டுரையாளர் கருத்து. சேவையகத்தை ஒருமுறை விலைகொடுத்து வாங்கி ஆண்டுதோறும் தேய்மானம் எழுதிவந்த நிறுவனம், இனி மின்கட்டணம் செலுத்துவதுபோல் மாதந்தோறும் பயன்பாட்டிற்கேற்பப் பணம் செலுத்துகிறது. முதலீட்டுச் செலவு நடைமுறைச் செலவாகிறது. ஆகவே பெயர்வு என்பது கணினி அறையில் மட்டும் நிகழ்வதன்று, பேரேட்டிலும் நிகழ்கிறது.

நெட்ஃபிளிக்ஸ்: ஏழாண்டுப் பயணம்

2008 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் தரவுத்தளம் பெரிதும் சிதைவுற்றது. அக்காலத்தில் அதன் முதன்மைத் தொழில் டிவிடித் தட்டுகளை அஞ்சலில் அனுப்புவது. மூன்று நாள்கள் ஒரு தட்டைக்கூட அனுப்ப இயலவில்லை. ஒரே தரவுத்தளத்தை, ஒரே இடத்தில், மேலும் மேலும் பெரிதாக்கிக்கொண்டே போகும் முறையைக் கைவிட வேண்டும் என்ற முடிவு அப்போதுதான் பிறந்தது. அமேசான் வெப் சர்வீசஸ் தளத்திற்குத் தொடங்கிய அப்பெயர்வு 2016 ஜனவரியில்தான் நிறைவுற்றது.

ஏழாண்டுகள் ஏன் தேவைப்பட்டன என்ற வினா இயல்பானது. இருந்த அமைப்பை அப்படியே தூக்கி மேகத்தில் வைத்திருந்தால் விரைவில் முடிந்திருக்கும். ஆனால் அவ்வாறு செய்தால் பழைய தரவு மையத்தின் குறைகளும் கூடவே குடிபெயர்ந்துவிடும் என்று அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் கருதினர். ஆகவே ஒற்றைப் பெரும் பயன்பாட்டை நூற்றுக்கணக்கான நுண்சேவைகளாகப் பிரித்து மீண்டும் எழுதினர். தரவின் கட்டமைப்பையும் மாற்றினர். பயன்பாடுகளைப் பெயர்த்த வரிசைமுறையும் நோக்கத்தக்கது. பார்வையாளர் நேரடியாகப் பயன்படுத்தும் சேவைகள் அனைத்தும் 2015ஆம் ஆண்டிற்கு முன்பே மாறிவிட்டன. கட்டணம் வசூலிக்கும் பகுதியும், வாடிக்கையாளர், பணியாளர் தரவு மேலாண்மையுமே இறுதிவரை காத்திருந்தன. பணமும் தனிமனிதத் தரவும் புழங்கும் பகுதியைப் பயிற்சிக்களமாக்காத எச்சரிக்கை இது.

பெயர்வு இடர்களை முற்றிலும் நீக்கிவிடவில்லை. 2012 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமசுக்கு முதல் நாள் மாலையில், அமேசானின் பராமரிப்புப் பணி ஒன்றில் சுமைப்பகிர்விகளின் நிலைத்தரவு தவறுதலாக அழிக்கப்பட்டதால் நெட்ஃபிளிக்ஸ் பல மணிநேரம் தடைப்பட்டது. குடும்பங்கள் கூடியமர்ந்து படம் பார்க்கும் நாள் அது. அதன்பின் 2013இல் இரு புவியியல் மண்டலங்களில் ஒருங்கே இயங்கும் முறைக்கு அந்நிறுவனம் மாறியது. தன் சேவையகங்களைத் தானே குலுக்கல் முறையில் நிறுத்திப் பார்க்கும் ‘கேயாஸ் மங்கி’ என்ற கருவியையும் அது உருவாக்கிப் பயன்படுத்தியது. பிறர் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் ஒன்றும் உண்டு. படங்களைப் பார்வையாளருக்குக் கொண்டுசேர்க்கும் ‘ஓப்பன் கனெக்ட்’ வலையமைப்பை நெட்ஃபிளிக்ஸ் தன் சொந்தக் கருவிகளைக் கொண்டே நடத்துகிறது. முழுவதும் மேகத்திற்கு மாறிய நிறுவனம் என்று எடுத்துக்காட்டப்படும் நிறுவனமே, மிகுந்த போக்குவரத்துள்ள பகுதியைத் தன் கையில் வைத்துக்கொண்டது.

டிஎஸ்பி வங்கி: ஒரு வார இறுதி

லாய்ட்ஸ் வங்கியிலிருந்து பிரிந்த டிஎஸ்பி வங்கியை ஸ்பெயினின் சபாடெல் குழுமம் 2015இல் வாங்கியது. அதுவரை லாய்ட்சின் கணினி அமைப்பையே கட்டணம் செலுத்திப் பயன்படுத்திவந்த டிஎஸ்பி, சபாடெல் உருவாக்கிய புதிய தளத்திற்கு மாற வேண்டியிருந்தது. இது பொது மேகத்திற்கான பெயர்வு அன்று. குழுமத்தின் துணை நிறுவனம் நடத்திய தரவு மையங்களுக்கான பெயர்வு. ஆயினும் திட்டமிடலைப் பொறுத்தவரை இதைவிடத் தெளிவான பாடம் அரிது. காரணம், என்ன நேர்ந்தது என்பதை வழக்கறிஞர் நிறுவனம் ஒன்று விரிவாக ஆராய்ந்து எழுதிய அறிக்கை 2019 நவம்பரில் பொதுவெளிக்கு வந்துவிட்டது. தோல்விகளைப் பொதுவாக நிறுவனங்கள் பூட்டியே வைக்கும்.

2018 ஏப்ரல் 20 வெள்ளி மாலை தொடங்கிய பெயர்வு 22 ஞாயிறன்று முடிந்தது. ஏறத்தாழ 52 இலட்சம் வாடிக்கையாளர்களின் தரவு புதிய தளத்தைச் சென்றடைந்தது. தரவு சென்றதில் பெரும்பிழை இல்லை. தளம்தான் தாங்கவில்லை. ஏறத்தாழ 19 இலட்சம் பேர் தம் கணக்கினுள் நுழைய இயலாது தவித்தனர். சிலருக்குப் பிறர் கணக்கு விவரங்கள் தெரிந்தன. இயல்புநிலை முழுமையாகத் திரும்ப அவ்வாண்டு டிசம்பர் ஆயிற்று. தலைமைச் செயல் அலுவலர் செப்டம்பரில் பதவி விலகினார். 2018இல் மட்டும் இதனால் ஏற்பட்ட செலவு 33 கோடி பவுண்டு. அவ்வாண்டில் 80,000 வாடிக்கையாளர்கள் வேறு வங்கிக்கு மாறினர். 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் இரண்டும் சேர்ந்து 4.865 கோடி பவுண்டு தண்டம் விதித்தன.

அவ்வறிக்கையில் இரு செய்திகள் முதன்மையானவை. முதலாவது, நாளை முதலில் குறித்துக்கொண்டு பின்னோக்கித் திட்டமிட்டமை. 2017 நவம்பர் என்று குறித்த நாள் தவறியது. அந்த நாள் ஏன் தவறியது, மீதமுள்ள பணிக்கு உண்மையில் எவ்வளவு காலம் வேண்டும் என்று கேட்பதற்கு மாறாக, 2018இன் முதல் காலாண்டு என அடுத்த நாள் அறிவிக்கப்பட்டது. இரண்டாவது, ஒருசேர இயங்கவேண்டிய இரண்டு தரவு மையங்களுள் ஒன்றில் மட்டுமே சுமைச் சோதனை நிகழ்ந்தமை. இரண்டும் ஒரே வகையில் அமைக்கப்பட்டிருக்கும் என்று எடுத்துக்கொண்டனர், அவ்வாறு அமைந்திருக்கவில்லை.

நெட்ஃபிளிக்ஸ் பகுதி பகுதியாக மாறியது. டிஎஸ்பி ஏறத்தாழ அனைத்தையும் ஒரே வீச்சில் மாற்றியது. இதனைக் கொண்டு படிப்படியாக மாறுவதே எப்போதும் சிறந்தது என்று கூறிவிட முடியாது. படிப்படியான முறையில் பழைய அமைப்பும் புதிய அமைப்பும் ஆண்டுக்கணக்கில் அருகருகே இயங்கும். இரண்டுக்கும் செலவு செய்ய வேண்டும். இரண்டின் தரவும் ஒத்திருக்குமாறு காக்கவேண்டும். கையிருப்பு குறைந்த நிறுவனத்திற்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் ஒரே வீச்சில் மாறுவோர் சோதனையில் இரட்டிப்பு கவனம் செலுத்தியாக வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை.

கணக்கெடுப்பு

திட்டமிடலின் முதற்படி, என்னென்ன இருக்கின்றன என்று அறிவது. இது எளிதெனத் தோன்றும். மேற்கு மாவட்டம் ஒன்றில் ஜவுளி மொத்த வணிகம் செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் கட்டுரையாளர் இப்பணியை உடனிருந்து கவனித்தார். நிறுவன உரிமையாளர் தந்த பட்டியலில் நான்கு பயன்பாடுகள் இருந்தன: கணக்கு மென்பொருள், கிடங்கு இருப்பு, சம்பளப் பட்டியல், மின்னஞ்சல். இரண்டு வாரம் கழித்து அப்பட்டியலில் பதினொன்று இருந்தன. சரக்குந்து வாடகையைக் கணக்கிட முன்னாள் பணியாளர் ஒருவர் எழுதிய எக்செல் கோப்பு அவற்றுள் ஒன்று. கணக்குப்பிள்ளையின் மேசைக்கடியில் பழைய கணினி ஒன்று ஓயாது ஓடிக்கொண்டிருந்தது. அதனை நிறுத்தினால் கிடங்கில் பார்கோடு சீட்டு அச்சாகாது என்பது கணக்குப்பிள்ளை ஒருவருக்கே தெரிந்திருந்தது. அவர் அவ்வாரம் விடுப்பில் சென்றிருந்தால் இக்கணினி பட்டியலில் ஏறியிருக்காது.

எந்தப் பயன்பாடு எதனைச் சார்ந்திருக்கிறது என்பதே கணக்கெடுப்பின் உயிர்நாடி. மேகத்திற்குச் சென்ற கணக்கு மென்பொருள், அலுவலகத்திலேயே தங்கிவிட்ட இருப்புத் தரவுத்தளத்தை ஒரு பட்டியலுக்கு நூறு முறை கேட்க நேர்ந்தால், ஒவ்வொரு கேள்வியும் இணையத்தின் வழியே சென்று திரும்பவேண்டும். அலுவலக வலையமைப்பில் உணரவே முடியாத காலம் அங்கு நொடிகளாகப் பெருகும். விற்பனை மேசையில் வரிசை நீளும்.

கணக்கெடுத்த பயன்பாடுகளை எவ்வாறு கையாள்வது என்பதற்குக் கார்ட்னர் நிறுவனம் 2010இல் ஐந்து வழிகளைக் கூறியது. அமேசான் அதனை ஆறாகவும் பின்னர் ஏழாகவும் விரித்தது. அப்படியே பெயர்த்தல், சிறிது திருத்திப் பெயர்த்தல், மறுபடி எழுதுதல், அதே வேலையைச் செய்யும் ஆயத்த மென்சேவையை வாங்குதல், இருக்குமிடத்திலேயே விட்டுவைத்தல், நீக்கிவிடுதல் ஆகியன அவற்றுள் அடங்கும். நடைமுறைக் கையேடுகள் முதல் மூன்றையே விரித்துப் பேசுகின்றன. சிறு நிறுவனங்களுக்குக் கடைசி மூன்றே மிகுதியும் பயன்படும் என்று கட்டுரையாளர் கருதுகிறார். மேற்சுட்டிய பதினொன்றில் மூன்று பயன்பாடுகளை எவரும் ஓராண்டாகத் திறக்கவேயில்லை.

தமிழ்த் தரவின் தனிச்சிக்கல்

மேலாண்மை நூல்கள் தரவுப் பெயர்வை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்குப் படியெடுக்கும் செயலாகவே விளக்குகின்றன. தமிழில் பெயர்களும் முகவரிகளும் பதிந்துவைத்துள்ள நிறுவனங்களுக்கு அது போதாது. தமிழகத்திலும் இலங்கையிலும் பல்லாண்டுகளாகப் பாமினி, டாம், டாப், திஸ்கி முதலிய குறியாக்கங்கள் வழங்கின. 1999இல் டாம், டாப் ஆகியவற்றைத் தரமாக்கிய தமிழக அரசு, 2010இல் ஒருங்குறியையும் டேஸ்-16 குறியாக்கத்தையும் ஏற்றது. அரசாணை மாறியதால் பழைய கோப்புகள் தாமே மாறிவிடவில்லை. மேகத் தளங்கள் அனைத்தும் ஒருங்குறியையே எதிர்பார்க்கின்றன.

முதற்சிக்கல் இடம். ஒருங்குறியின் யூடிஎஃப்-8 வடிவில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் கொள்ளும். ‘மீனாட்சிசுந்தரம்’ என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். தமிழ் இலக்கணப்படி இதில் 9 எழுத்துகள். ஒருங்குறியில் 16 குறியீடுகள். யூடிஎஃப்-8இல் 48 பைட். பழைய எண்பிட்டு எழுத்துருக் குறியாக்கத்தில் இப்பெயர் 16 பைட்டுக்கு மேற்படாது. பெயருக்கு 30 பைட் ஒதுக்கிய பழைய அட்டவணையை அதே அளவுகளோடு புதிய தரவுத்தளத்தில் அமைத்தால், ‘மீனாட்சிசு’ என்பதோடு இடம் முடிந்துவிடும். சில தரவுத்தள மென்பொருள்கள் இந்நிலையில் பிழைகாட்டி மறுத்துவிடும். சில, எச்சரிக்கை ஒன்றைப் பதிந்துவிட்டு, பெயரை வெட்டிக்கொண்டு மேலே செல்லும். மறுத்து நிற்பதே நமக்கு நல்லது. வெட்டுண்ட பெயரோடு விலைப்பட்டியல் அச்சாகி வாடிக்கையாளர் கைக்குச் சென்றபின்னரே இரண்டாவது வகைப் பிழை வெளிப்படும்.

அடுத்தது வரிசை. பழைய எழுத்துருக் குறியாக்கங்களில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி மெய்க்குறியீட்டின் முன்னரே பதிவாகும். ஒருங்குறியில் ஒலிப்பு வரிசைப்படி அவை பின்னர் வரும். குறியெண்களை ஒன்றுக்கொன்று மாற்றுவதோடு நில்லாமல் இடத்தையும் மாற்றும் மாற்றிகளே சரியான விளைவைத் தரும்.

மூன்றாவது சிக்கலே மிகவும் வஞ்சகமானது. பார்வைக்கு ஒன்றாகத் தோன்றும் எழுத்துக்கு ஒருங்குறியில் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் இருக்கக்கூடும். ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம்; கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். இவை சமமானவை என்று ஒருங்குறித் தரம் கூறுவதால், இயல்பாக்கம் என்னும் செயல்முறையை இயக்கினால் ஒன்றாகிவிடும். ஆனால் ‘ஸ்ரீ’ அவ்வாறன்று. தொடக்கத்தில் அது ‘ஸ’ என்பதைக் கொண்டு எழுதப்பட்டது. 2005இல் ‘ஶ’ என்னும் குறியீடு ஒருங்குறியில் சேர்ந்தபின் அதனைக் கொண்டும் எழுதப்படுகிறது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவில் தோன்றும். தரவுத்தளத்திற்கோ அவை வெவ்வேறு சொற்கள். இயல்பாக்கமும் இவற்றை இணைக்காது. ‘ஔ’ என்ற எழுத்தை ‘ஒ’, ‘ள’ என இரண்டாகத் தட்டச்சிடும் பழக்கமும் இத்தகையதே. தமிழக வணிகப் பெயர்களில் ஸ்ரீ எத்தனை மிகுதி என்பதைக் கடைவீதியில் ஒருமுறை நடந்தாலே அறியலாம். ஒரே வாடிக்கையாளர் இரு கணக்குகளாகப் பிரிந்து, ஒன்றில் நிலுவையும் மற்றொன்றில் முன்பணமுமாக நிற்கும் நிலை இதனால் உண்டாகும். ஆகவே பெயர்வுக்கு முன் இவற்றையெல்லாம் ஒரு வடிவுக்குக் கொண்டுவரும் விதியை நிறுவனமே எழுதிவைக்க வேண்டும். பெயர்ந்தபின் பதிவுகளின் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுவது இங்குப் பயன்தராது. எண்ணிக்கை சரியாகவே இருக்கும். நிலுவைத் தொகைகளையும், தமிழறிந்த ஒருவர் கண்ணால் படித்த மாதிரிப் பதிவுகளையும் ஒப்பிட வேண்டும்.

மாறுநாளும் பின்வாங்கலும்

தரவை அனுப்ப ஆகும் காலத்தை எளிய வகுத்தலால் அறியலாம். 10 டெராபைட் தரவை நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் இடைவிடாது அனுப்பினால் ஒன்பது நாளுக்கு மேலாகும். அலுவலகப் பணியும் அதே இணைப்பில் நடப்பதால் நடைமுறையில் இன்னும் நீளும். பேரளவுத் தரவைப் பெட்டகக் கருவிகளில் ஏற்றி வண்டியில் அனுப்பும் வழக்கம் இதனால்தான் தோன்றியது. 2016இல் அமேசான் ஒரு சரக்குந்தையே இதற்கென அறிமுகப்படுத்தியது. சிறு நிறுவனங்கள் முழுப்படியை முன்னரே அனுப்பிவிட்டு, பின்னர் அன்றாட மாற்றங்களை மட்டும் அனுப்பிவந்து, கடைசி வேறுபாட்டை மாறுநாளில் அனுப்புவதே போதும்.

மாறுநாளைத் தேர்வதில் தொழில்நுட்பரைவிடக் கணக்கருக்கே உரிமை மிகுதி. மாதாந்தரம் படிவம் அளிப்போர்க்கு ஜிஎஸ்டியின் விற்பனைப் படிவத்திற்கு 11ஆம் தேதியும் சுருக்கப் படிவத்திற்கு 20ஆம் தேதியும் கெடு. மார்ச் மாதம் ஆண்டுக் கணக்கு முடிப்பு. ஜவுளி வணிகருக்குத் தீபாவளிக்கு முந்திய இரு மாதங்களில் நின்று பேசவே நேரமிராது. இவற்றைக் கழித்தபின் எஞ்சும் வார இறுதிகள் ஆண்டில் மிகச்சிலவே. அவற்றுள் ஒன்றைக் குறிப்பதற்கு முன், பணி முடிய எவ்வளவு காலமாகும் என்பதை முன்னோக்கிக் கணக்கிட வேண்டும். நாளைக் குறித்துவிட்டுப் பணியை அதற்குள் திணிப்பது டிஎஸ்பி வழி.

எந்த மணிவரை பழைய அமைப்பிற்குத் திரும்ப இயலும், திரும்புவதென முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு, எந்த அறிகுறிகள் தென்பட்டால் திரும்பவேண்டும் என்பன முன்கூட்டியே எழுத்தில் இருத்தல் வேண்டும். நள்ளிரவு இரண்டு மணிக்கு, பத்து மணிநேரம் உழைத்துக் களைத்தவர்கள் கூடி இதனை விவாதித்தால், ‘இன்னும் அரைமணியில் சரியாகிவிடும்’ என்ற விடையே கிடைக்கும். புதிய அமைப்பில் வாடிக்கையாளர் பரிமாற்றங்கள் பதிவாகத் தொடங்கியபின், திரும்புவது என்பது அப்பரிமாற்றங்களையும் பழையதற்குக் கொண்டுசெல்வதாகும். அதற்கான வழி வகுக்காத பின்வாங்கல் திட்டம் பெயரளவினதே.

ஒப்பந்தம், சட்டம், செலவு

சேவை வழங்குநர் 99.9 விழுக்காடு கிடைப்புநிலை உறுதியளித்தால், 30 நாள் மாதத்தில் 43 நிமிடம் வரை தடைப்படலாம் என்று பொருள். அத்தகைய இரு சேவைகளை ஒன்றையொன்று சார்ந்து பயன்படுத்தினால் உறுதி 99.8 ஆகிறது, தடைக்காலம் இரட்டிக்கிறது. உறுதி மீறப்பட்டால் பெரும்பாலும் கிடைப்பது அடுத்த கட்டணத்தில் கழிவு மட்டுமே. இழந்த விற்பனைக்கு ஈடன்று.

பாதுகாப்பில் பொறுப்பு பகிரப்படுகிறது. கட்டடம், வன்பொருள் ஆகியவற்றை வழங்குநர் காப்பார். யாருக்கு எதனைத் திறந்துவிடுவது என்ற அமைவு வாடிக்கையாளர் பொறுப்பு. 2019இல் அமெரிக்காவின் கேப்பிடல் ஒன் வங்கியில் தடுப்பரண் ஒன்றின் தவறான அமைவு வழியே நுழைந்தவர், அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேரின் தரவையும் கனடாவில் சுமார் 60 இலட்சம் பேரின் தரவையும் எடுத்தார். அடுத்த ஆண்டு 8 கோடி டாலர் தண்டம் செலுத்தியது வங்கியே.

இந்தியாவில், பணப்பரிமாற்றத் தரவு உள்நாட்டிலேயே சேமிக்கப்பட வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரல் 6 அன்று ஆணையிட்டது. தகவல் தொழில்நுட்பச் சேவைகளை வெளியாரிடம் ஒப்படைப்பது குறித்த அதன் 2023ஆம் ஆண்டு நெறிமுறை, மேகச் சேவைகளுக்கெனத் தனிப் பகுதியைக் கொண்டுள்ளதோடு, வெளியேறும் திட்டத்தையும் கட்டாயமாக்குகிறது. இவை நிதி நிறுவனங்களுக்கு உரியவை. ஆனால் கணக்கேடுகளை மின்வடிவில் பேணும் எந்த ஒரு கம்பெனியும் அவற்றின் காப்புப்படியை இந்தியாவிலுள்ள சேவையகத்தில் நாள்தோறும் வைத்திருக்க வேண்டும் என்று 2022ஆம் ஆண்டு விதித்திருத்தம் கூறுகிறது. 2023ஆம் ஆண்டின் எண்ணிம முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த காப்பு ஏற்பாடுகள் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது.

செலவு குறையும் என்ற வாக்குறுதியைத் தனியே சோதிக்க வேண்டும். ஏறி இறங்கும் தேவையுள்ள வணிகத்திற்கு மேகம் சிக்கனம். ஆண்டு முழுதும் ஒரே அளவில் இயங்கும் பணிக்கு அது வாடகைச் சுமை. டிராப்பாக்ஸ் நிறுவனம் அமேசானில் இருந்த கோப்புகளில் பெரும்பகுதியைச் சொந்தக் கட்டமைப்பிற்குத் திருப்பிக் கொண்டுவந்து, இரண்டாண்டுகளில் ஏறத்தாழ 7.5 கோடி டாலர் மிச்சப்படுத்தியதாக 2018ஆம் ஆண்டுப் பங்கு வெளியீட்டு ஆவணத்தில் தெரிவித்தது. அளவில் அத்தனை பெரிய நிறுவனத்தின் கணக்கு சிறு வணிகருக்குப் பொருந்தாது. ஆனால் வெளியேறும் கதவு திறந்திருந்ததால்தான் டிராப்பாக்சால் வெளியேற முடிந்தது என்பது இருவருக்கும் பொதுவானது. தரவை வெளியே எடுக்க எவ்வளவு கட்டணம், எந்த வடிவில் தருவார்கள், ஒப்பந்தம் முடிந்தபின் எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்ற மூன்று வினாக்களுக்கு எழுத்தில் விடை பெறாமல் கையொப்பமிடலாகாது. ஐரோப்பிய ஒன்றியம் தன் தரவுச் சட்டத்தின்வழி, வழங்குநர் மாறுவதற்கான கட்டணங்களை 2027 ஜனவரி முதல் முற்றிலும் தடைசெய்கிறது. இந்திய வாடிக்கையாளருக்கு அத்தகைய சட்டப் பாதுகாப்பு இல்லை, ஒப்பந்தமே அரண்.

பெயர்வுக்குப் பின்

ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்னும் ஓய்வூதிய நிதியம் 6 இலட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்டது. 2024 மே மாதத்தில், கூகுள் கிளவுடில் இருந்த அதன் தனியார் மேகம் முழுவதும் அழிந்துபோனது. ஓராண்டுக்கு முன் அதனை அமைத்தபோது உள்ளகக் கருவி ஒன்றில் ஓர் உள்ளீடு வெற்றாக விடப்பட்டதும், அதனால் ஓராண்டு முடிந்ததும் தானே அழியும்படி அமைந்துவிட்டதும் பின்னர் தெரியவந்தது. தவறு வழங்குநருடையது என்று கூகுளே ஒப்புக்கொண்டது.  மீட்சிக்கு உதவியவற்றுள் வேறொரு வழங்குநரிடம் நிதியம் வைத்திருந்த காப்புப்படி முக்கியமானது. உறுப்பினர்கள் தம் கணக்கை மீண்டும் காண ஏறத்தாழ ஒரு வாரம் ஆயிற்று.

முன்னர்ச் சுட்டிய ஜவுளி நிறுவனத்தில் இச்செய்தியைக் கணக்குப்பிள்ளையே உரிமையாளருக்குப் படித்துக் காட்டினார். அவர்களது மாறுநாள் ஜூன் மாதம் 20ஆம் தேதிக்கு அடுத்து வந்த சனிக்கிழமை. ஸ்ரீ வடிவங்களைச் சீராக்கியதில் 40க்கும் மேற்பட்ட இரட்டைக் கணக்குகள் இணைந்தன. அவற்றுள் சில பழைய அமைப்பிலேயே பல்லாண்டாகப் பிரிந்து கிடந்தவை. ஜிஎஸ்டிச் சட்டப்படி கணக்கேடுகளை ஆண்டுப் படிவத்திற்கான கெடுநாளிலிருந்து 72 மாதங்கள் பேண வேண்டும் என்பதால், பழைய தரவுத்தளத்தின் படி ஒன்று வன்வட்டில் எடுக்கப்பட்டு வங்கிப் பெட்டகத்தில் வைக்கப்பட்டது. அப்படியைத் திறந்து படிக்க முடிகிறதா என்று ஆறு மாதத்திற்கு ஒருமுறை பார்க்கும் பொறுப்பு கணக்குப்பிள்ளையிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. மேசைக்கடியில் இருந்த கணினி, பார்கோடு அச்சுக்கு மாற்று வழி அமையும்வரை, அங்கேயே இயங்கிவருகிறது.